ஜொய்சியும் அலுமாரி லப்டொப்பும்

கொக்குவிலில் ஜொய்சி வீடு எது என்று கேட்டால் நாலு ஜொய்சியைக் காட்டுவார்கள். நினைவுமலர் செய்கிற ஜொய்சி என்று கேட்டுப் பாருங்கள், ரெயில் தண்டவாளத்தைத் தாண்டி இரண்டாவது ஒழுங்கைக்கு நேரே அனுப்பிவிடுவார்கள். யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குள் அவர் பேரில் ஒரு புத்தகம் அச்சாகி வந்துவிட வேண்டும். முன்னட்டையில் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, பேரப்பிள்ளைகளின் புலம்பல், கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். இருக்கும்போது பெற்றவளோடு இரண்டு வார்த்தை கதைக்க நேரமில்லாத பிள்ளைகளும் இதற்கு நாலு பக்கம் எழுதித் தருவார்கள். அவற்றையெல்லாம் தட்டி, பக்கம் கட்டி, அச்சகத்தில் சேர்ப்பதுதான் ஜொய்சியின் தொழில்.

இதில் பகிடி என்னவென்றால் அவள் மெதடிஸ்த சபைக்காரி. ஞாயிற்றுக்கிழமை ஞானப்பாட்டு, திங்கட்கிழமை திருவாசகம். 'தேவாரத்தில் ஒரு பிழை விடாத வேதக்காரி' என்று அச்சகத்தில் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

இந்த வேலையை வீட்டிலேயே இருந்து செய்யலாமே என்று கேட்பவர்கள் செத்தவீடு தெரியாதவர்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் கொஞ்ச நாள் லீவில் வந்திருப்பார்கள். வம்சாவளியில் யார் பேர் மேலே, யார் பேர் கீழே என்பதில் மூத்தவருக்கும் இளையவருக்கும் முகம் கோணும். பத்து வருடம் கதைக்காத சித்தப்பாவைப் போடுவதா விடுவதா என்று ஒரு வழக்கு நடக்கும். லண்டனில் இருந்து ஒருவர் போனில், 'என்ரை மனுசியின்ரை பேர் எங்கை?' என்று கத்துவார். இதெல்லாம் ஜொய்சியின் கதிரைக்குப் பின்னால் நின்று, திரையைப் பார்த்தபடி நடக்க வேண்டும். திரையில் பேர் ஏறினால்தான் சண்டை அடங்கும். ஆகவே லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவது தவிர அவளுக்கு வேறு வழியில்லை.

அந்த லப்டொப்புக்கு அவள் புருசன் செபநாயகம் வைத்த பேர் அம்மி. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற மனிதர் அவர். கலியாணம் முடித்த அடுத்த வருடம் எங்கோ கைமாறி வந்ததை வாங்கிக் கொடுத்தார். பாரமென்றால் அப்படியொரு பாரம். அதனுடைய சார்ஜரே ஒரு செங்கட்டி அளவில் இருக்கும். ஆனால் உழைத்தது. அந்த அம்மியில் அரைத்துத்தான் அவர்கள் வீட்டுக்குக் கூரை போட்டார்கள்.

ஜொய்சியின் வலது தோள்தான் ஒத்துழைக்கவில்லை. சின்ன வயதில் யுத்தத்துக்குள் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து கொடிகாமத்தில் இருந்தபோது, விழுந்து வெடித்த செல்லின் துண்டொன்று அந்தத் தோளுக்குள் புகுந்தது. உயிர் தப்பியதே கர்த்தரின் கிருபை என்று தாய் தேவமலர் கண்ணை மூடும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். தோள் ஆறியது, ஆனால் பாரம் தூக்க ஆகாது. கடைசி இரண்டு விரல்களிலும் உணர்ச்சி இல்லை. விரல்கள் ஆடும், மடங்கும், தட்டும். எதைத் தொடுகின்றன என்பதுதான் தெரியாது. அம்மியின் விசைகள் ஆழமாக இறங்கி 'டக்' என்று சத்தம் போடுவதால் அவள் விரலால் உணராததைக் காதால் கேட்டு வேலை செய்தாள். இந்த விரல் கதை செபநாயகத்தைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரிந்தால் வேலை தரமாட்டார்களோ என்று அவளுக்குப் பயம்.

போன மாரியில் இடது தோளில் பையைக் கொழுவினாலும் வலது பக்கம் இழுத்து, இரவில் திரும்பிப் படுக்க முடியாமல் போனது. பெரியாஸ்பத்திரி டொக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உந்தப் பாரத்தோடை இன்னும் திரிஞ்சியளெண்டால் கை தூக்கேலாமல் போயிடும். ஒண்டில் பாரத்தை விடுங்கோ, இல்லாட்டி வேலையை விடுங்கோ."

"ஓம் டொக்டர், நன்றி டொக்டர்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவளுடைய வாய் அப்படி. பஸ் நின்றால் நன்றி, நிற்காமல் போனால் 'அதிலை சனம் கூடத்தானே' என்று ஒரு சமாதானம். மிஷன் வீட்டு வளர்ப்பு அது. தந்ததை வாங்கு, நன்றி சொல்லு, குறை சொல்லாதே. நல்ல வளர்ப்புத்தான், யார் இல்லை என்றது? ஆனால் அந்த நல்ல வளர்ப்பே ஒருநாள் அவள் கழுத்தைப் பிடித்தது.

கரவெட்டியில் மீனாம்பிகை என்று ஒரு தாய் மோசம் போனார், நினைவுமலருக்கு ஜொய்சியைக் கூப்பிட்டார்கள். மகள் சுபாஜினி ஊரில் கூடவே இருந்து பார்த்தவர். மகன் கேதீஸ்வரன் கனடாவில், ரொறன்ரோவில். ஜொய்சி யாழ்ப்பாணத்தில் பஸ் மாறி, அம்மியோடு போய் இறங்கியபோது கேதீஸ்வரன் வீட்டுப் படலையடியில் நின்றார். பையை வாங்கியவர் கை தாழ்ந்து, "என்ன தங்கச்சி, இதுக்குள்ளை இரும்பே வைச்சிருக்கிறியள்?" என்றார்.

அவள் வந்துபோன நாலைந்து நாளும் அவர் ஜொய்சியைக் கவனித்தபடி இருந்திருக்கிறார். அம்மியை மேசையில் இருந்து நகர்த்தும்போது அவள் பல்லைக் கடித்ததும் கண்ணில் பட்டுவிட்டது. புத்தகம் முடியும் தறுவாயில் ஒரு பின்னேரம், தேத்தண்ணி குடித்து முடிய உள்ளே போய்த் தன்னுடைய லப்டொப்பைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

"என்ரை மகள் வாங்கித் தந்தது. இந்த வருசத்துத் தயாரிப்பு. ஒருக்காத் தூக்கிப் பாருங்கோ."

தூக்கினாள். தோள் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கொப்பியைத் தூக்கியது போல் இருந்தது. ஜொய்சியின் கண் சட்டென்று கலங்கிவிட்டது. இனி வேலையை விட வேண்டியதில்லை என்று நினைத்தாள்.

"தட்டிப் பாருங்கோவன்."

தட்டினாள். அங்கேதான் வினை வந்தது. இவ்வளவு மெல்லிசாகச் செய்ய வேண்டும் என்றால் எங்காவது குறைக்கத்தானே வேண்டும்? விசைகளில் குறைத்திருந்தார்கள். அவை இறங்கவுமில்லை, சத்தம் போடவுமில்லை. ஒரு தட்டையான பலகையில் விரல் வைத்தது போல். உணர்ச்சியுள்ள விரல்கள் சமாளித்தன. மற்ற இரண்டும் பட்டனவா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. திரையில் பாதி எழுத்து விழாமல், மீதி இரட்டையாக விழுந்து கிடந்தது. கெதியாக அழித்துவிட்டாள்.

"எப்பிடி இருக்கு?"

"நல்லாயிருக்கு அண்ணை. நல்ல வடிவாயிருக்கு."

"அப்ப இது உங்களுக்குத்தான். நான் போய் வேறை வாங்குவன். அம்மாவின்ரை புத்தகத்துக்கு இவ்வளவு பாடுபடுறியள், இதுகூடச் செய்யாட்டி என்ன?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பது ஜொய்சிக்குத் தெரியாத பழமொழியல்ல. எத்தனையோ வாழ்க்கை வரலாற்றில் தட்டியிருக்கிறாள். இனி என்ன செய்வது? வேண்டாம் என்றால் மனிதர் மனம் நோகும். வாங்கினால் அதில் வேலை செய்ய முடியாது. அம்மியைத் திருப்பிச் சுமந்தால் கை போய்விடும். இதற்குள் சுபாஜினி அடுப்படிக் கதவில் நின்று மெல்லச் சொன்னார்.

"தம்பி, அம்மான்ரை அலுமாரிக்குள்ளையும் ஒண்டு இருக்கெல்லே. நீ கொண்டு வந்து குடுத்தது. இதே கொம்பனி, பழைய வடிவம். அதுவும் பாரமில்லை. பிள்ளைக்கு அதைக் காட்டலாமே?"

கேதீஸ்வரன் முகம் கறுத்துவிட்டது. "அதின்ரை கதை வேண்டாம் அக்கா. முகம் பாத்துக் கதைக்கட்டும் எண்டு காவிக்கொண்டு வந்தனான். அம்மா ஒருநாளும் திறந்ததில்லை. குரல் காணும், முகம் வேண்டாம் எண்டே போயிட்டா. அதுவுமில்லாமல் அலுமாரியிலை கிடந்த பழசைத் தூக்கிக் குடுத்தா சனம் என்ன சொல்லும்?" என்றபடி எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார்.

ஜொய்சி அன்று அம்மியோடுதான் வீடு திரும்பினாள். கேதீஸ்வரன் அதில் இருந்த தன்னுடைய கோப்புகளை எடுத்துவிட்டு மறுநாள் புதியதைத் தருவதாகச் சொல்லியிருந்தார்.

செபநாயகம் கதையைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார். "உம்மடை வாய்க்கு ஒரு பூட்டு வாங்கவேணும். நல்லாயில்லை எண்டா நல்லாயில்லை எண்டு சொல்லுறதுதானே?"

"தானமாக் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கிறதே?"

"உழுறது நீர். பல்லைப் பாக்காட்டியும் கால் இருக்கோ எண்டாவது பாக்கவேணுமெல்லோ. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். நீரும் ஒருக்கா அழும்."

அவர் பகிடியாகத்தான் சொன்னார். அவளுக்கு அது தைத்தது. ஊரார் வீட்டு நன்றிகளையெல்லாம் அவள் அழகாகத் தட்டியிருக்கிறாள். தனக்கு என்ன வேண்டும் என்று வாய் திறந்து ஒருவரிடமும் கேட்டதில்லை. கேட்பது நன்றி கெட்ட வேலை என்று நினைத்திருந்தாள். வேலை செய்யாத சாமானை வாங்கி மூலையில் வைத்துவிட்டு 'நல்லாயிருக்கு' என்று சொல்லிக்கொண்டிருப்பது மட்டும் என்ன நன்றியாம்? படுக்கும்போது ஜெபத்தில், 'நாளைக்கு என்ரை வாயைத் திறவும் ஆண்டவரே' என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் கரவெட்டியில் கேதீஸ்வரன் புதிய லப்டொப்பைத் துடைத்து, பெட்டியில் வைத்து, வெற்றிலை பாக்கோடு தட்டத்தில் வைத்திருந்தார். அந்தத் தட்டத்தைப் பார்த்ததும் ஜொய்சிக்கு வந்த துணிவில் பாதி போய்விட்டது. மீதியை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"அண்ணை, குறை நினைக்காதையுங்கோ. எனக்கு இது வேண்டாம். அக்கா சொன்ன பழசு கிடைச்சா நல்லாயிருக்கும்."

"சும்மா இருங்கோ தங்கச்சி. மரியாதைக்குப் பழசைக் கேக்கிறியள், எனக்கு விளங்காதே?"

"இல்லை அண்ணை, மெய்யாத்தான்."

"புதுசை வைச்சுக்கொண்டு பழசைக் குடுக்கிற ஆள் நானில்லை."

பாருங்கள் இந்த ஊரின் சங்கடத்தை. இங்கே முதல் 'வேண்டாம்' மரியாதை, இரண்டாவது 'வேண்டாம்' இன்னும் கொஞ்சம் மரியாதை. மெய்யாகவே வேண்டாம் என்பவருக்குச் சொல்ல ஒரு சொல் கிடையாது. ஜொய்சி பெட்டியைத் திறந்தாள். லப்டொப்பை மேசையில் வைத்து வலது கையை நீட்டினாள்.

"இந்த ரெண்டு விரலுக்கும் உணர்ச்சி இல்லை அண்ணை. செல் பட்ட கை. நேற்று நல்லாயிருக்கு எண்டு சொன்னது பொய். இதிலை தட்டினா என்ன வரும் எண்டு பாருங்கோ."

தட்டிக் காட்டினாள். கேதீஸ்வரன் திரையைப் பார்த்தார். பிறகு விரல்களைப் பார்த்தார். இனி வேலையே போனாலும் பரவாயில்லை என்று ஜொய்சிக்கு ஒரு வெறுமை வந்தது.

"இந்தக் கையாலையே அம்மாவின்ரை புத்தகம் முழுக்கத் தட்டினீங்கள்?" என்று அவர் கேட்டார்.

"ஓம் அண்ணை. என்ரை பழசிலை விசை இறங்கும், சத்தம் கேக்கும். கேட்டுக் கேட்டுத் தட்டுவன். ஆனால் பாரம் இனித் தோள் தாங்காதாம். பாரமில்லாததும் வேணும், விசை இறங்குறதும் வேணும். அக்கா சொன்னது பழைய வடிவமெண்டபடியா விசை இறங்கும் எண்டு நம்புறன். எனக்குப் புதுசு பழசு இல்லை."

கேதீஸ்வரன் புதிய லப்டொப்பை மூடித் தள்ளி வைத்தார். பிறகு, "அக்கா, அதை எடுத்துக்கொண்டு வா" என்றார்.

சுபாஜினி கொண்டுவந்தது ஒரு பழைய நூல் சேலையில் சுற்றியிருந்தது. சேலையை அவிழ்த்தார். உள்ளே மெல்லிய சாம்பல் நிற லப்டொப். கடையில் ஒட்டிய பிளாஸ்ரிக் தாள்கூட உரிக்கப்படவில்லை. மூடியின் நடுவில் அந்தத் தாளின் மேல் சந்தனம் காய்ந்து தடித்துக் கிடந்தது. அதன் நடுவில் குங்குமம். ஒரு பொட்டின் மேல் இன்னொரு பொட்டு, அதன் மேல் இன்னொன்று.

"இதென்ன?" என்றார் கேதீஸ்வரன்.

"ஒவ்வொரு வருசமும் சரஸ்வதி பூசைக்கு எடுப்பா. பேரப்பிள்ளையளின்ரை கொப்பி புத்தகத்தோடை பூசையறையிலை வைச்சுப் பொட்டு வைப்பா. பேந்து பொட்டு அழியாமல் துடைச்சுச் சுத்தி வைப்பா. என்ரை பிள்ளை காவிக்கொண்டு வந்தது எண்டு வாறவை போறவைக்கெல்லாம் சொல்லுவா."

"நீ எனக்குச் சொல்லேல்லையே."

"அலுமாரிப் பேச்சை எடுத்தாலே நீ எழும்பிப் போறாய். நான் எப்ப சொல்லுறது?" சுபாஜினி தலைப்பால் கண்ணைத் துடைத்தார். "ஒருநாள் திறந்தவதான் தம்பி. நான்தான் திறந்து முன்னாலை வைச்சன். கறுப்புத் திரையிலை தன்ரை முகத்தைப் பாத்திட்டா. 'பல்லும் போட்டுது, கன்னமும் ஒட்டிப்போட்டுது, உந்த முகத்தைப் பிள்ளைக்குக் காட்டினா அவன் அங்கை சோறு தின்னமாட்டான், மூடு பிள்ளை' எண்டா. என்ரை போனிலும் அதாலைதான் முகம் காட்டேல்லை."

கேதீஸ்வரன் அந்தப் பொட்டின் மேல் விரலை வைத்தார். பெரிய மனிதர், மீசை நரைத்தவர், சின்னப் பிள்ளைபோல் விம்மினார். தாய் தன்னுடைய சாமானை மதிக்கவில்லை என்று அத்தனை வருடமும் மனதுக்குள் வைத்திருந்த பாரம் அந்த மேசையடியில் இறங்கியது. ஜொய்சியும் அழுதாள். செத்தவீடுகளில் அவள் அழுவதில்லை, தொழில் கெட்டுவிடும். அன்று கெட்டால் கெடட்டும் என்று விட்டுவிட்டாள்.

சார்ஜரைக் கொழுவினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அலுமாரிக்குள் கிடந்து பற்றரி செத்திருக்கும் என்று பயந்தார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தபோது திரை மெல்ல வெளித்தது. பற்றரி நிற்காது என்பது உண்மைதான், பிறகு யாழ்ப்பாணத்தில் பிரவீணன் என்பவரின் கணினிக் கடையில் மாற்றினார்கள். அன்றைக்குச் சுவரில் கொழுவியபடியே ஜொய்சி விசைகளில் கை வைத்தாள். இறங்கின. டக். டக். உணர்ச்சியில்லாத விரல் தட்டியதும் கேட்டது.

"ஸ்தோத்திரம்" என்றாள், சைவ வீடு என்பதையும் மறந்து.

புத்தகத்தில் மிச்சம் இருந்தது நன்றி நவிலல் பக்கம் ஒன்றுதான். அதை மீனாம்பிகை அம்மாவின் லப்டொப்பிலேயே தட்டினாள். கேதீஸ்வரன் பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல எழுதினாள். வைத்தியருக்கு, அயலட்டைக்கு, மலர்வளையம் கொண்டு வந்தவருக்கு, பந்தல் போட்டவருக்கு, சமைத்தவருக்கு. முடிவில் ஜொய்சி கையை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"அண்ணை, உங்களுக்கு நான் என்னெண்டு நன்றி சொல்லுறது?"

"எனக்கில்லைத் தங்கச்சி. நான் புதுசைத்தானே தரப் பாத்தனான். நீங்கள் பழசைக் கேட்டிராட்டி நான் இதைத் திறந்திருக்கவே மாட்டன்."

போகும்போது புதியதையும் கொண்டுபோகச் சொன்னார். ஜொய்சி வேண்டாம் என்றாள். இந்தமுறை அவள் முதல் 'வேண்டாம்' என்றபோதே அவர் நம்பினார்.

அன்று பின்னேர பஸ்ஸில் அவள் பையை வலது தோளில் போட்டாள். பஸ் குலுங்கியதில் ஒருதரம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாளே தவிர, கொக்குவில்வரை தோள் பேசவில்லை. அடுத்த கிழமை டொக்டரிடம் தூக்கிக் காட்டினாள். அவர் சிரித்துவிட்டு, அப்ப வேலையை விடத் தேவையில்லை என்றார்.

புரட்டாசி பிறந்து நவராத்திரி வந்தது. சரஸ்வதி பூசையன்று காலமை ஜொய்சி லப்டொப்பைப் பைக்குள் வைத்துச் செருப்பைப் போட்டாள். பிளாஸ்ரிக் தாளை அவள் இன்னும் உரிக்கவில்லை. பொட்டும் அப்படியே இருந்தது.

"எங்கை வெளிக்கிட்டாச்சு?" என்றார் செபநாயகம்.

"கரவெட்டிக்கு. வருசா வருசம் பொட்டு வைச்ச சாமான். இந்த வருசம் விட்டுப்போகக்கூடாது."

"சபையிலை போதகர் கேட்டா என்ன சொல்லுவீர்?"

"ஒரு தாய் வைச்ச பொட்டு எண்டு சொல்லுவன். நீங்கள் வேணுமெண்டா எனக்கும் சேத்து ஜெபிச்சுக்கொள்ளுங்கோ."

செபநாயகம் சிரித்தபடி, பையைச் சைக்கிளில் வைத்து பஸ் தரிப்பிடம்வரை கொண்டுவந்து விட்டார். இனித் தேவையில்லாத உதவிதான். ஆனால் இத்தனை வருடப் பழக்கத்தை விட அவருக்கும் மனமில்லை.

கரவெட்டியில் சுபாஜினி அவளைக் கண்டதும் வாயில் கை வைத்தார். பூசையறையில் புத்தகங்களுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கினார். சந்தனத்தைக் குழைத்துப் பழைய பொட்டின் மேல் புதிய பொட்டை வைத்தார். பூசை முடிந்து அவல் தின்றுகொண்டிருக்கும்போது ஜொய்சி, "அக்கா, அண்ணையைக் கூப்பிடுவமே?" என்று தன்னுடைய போனில் இருந்து லப்டொப்புக்கு இணைய இணைப்பைக் கொடுத்தாள்.

திரையில் கேதீஸ்வரன் வந்தார். பின்னால் ரொறன்ரோ வீட்டின் யன்னல். சுபாஜினி, "ஐயோ, தலைகூட வாரி இழுக்கேல்லை, என்ரை முகத்தைக் காட்டாதை பிள்ளை" என்று சேலைத் தலைப்பால் முகத்தை மூடினார். ஜொய்சி விடவில்லை, திரையை அவர் பக்கம் திருப்பினாள். "இந்த வீட்டிலை ஒராள் முகம் காட்டாமல் போனது காணும் அக்கா. தலைப்பை எடுங்கோ" என்றாள். இப்படிப் பேசும் ஜொய்சியை ஒரு வருடத்துக்கு முன் யாரும் கண்டதில்லை.

அக்காவும் தம்பியும் நெடுநேரம் கதைத்தார்கள். முடிவில் கேதீஸ்வரன், "அக்கா, அம்மான்ரை படத்தை ஒருக்காக் காட்டு" என்றார்.

படம் விறாந்தைச் சுவரில் உயரத்தில் மாட்டியிருந்தது. சுபாஜினிக்கு முழங்கால் வருத்தம், கதிரையில் ஏறமாட்டார். ஜொய்சி ஏறினாள். இடது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் லப்டொப்பைத் தூக்கி, மீனாம்பிகை அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். பல்லுப் போனபிறகு எடுத்த படம். கன்னம் ஒட்டித்தான் இருந்தது. கேதீஸ்வரன் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காணும் தங்கச்சி" என்றார் கடைசியில். "கை நோகும்."

"நோகுதுதான் அண்ணை" என்றாள் ஜொய்சி. "நீங்கள் வடிவாப் பாருங்கோ."